ஒரு ராத்திரிக்கு ஒரு ஓட்டல்

கூடு ஓட்டல் வாசலில் வாடகை வண்டி வந்து நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. டிரைவர் இறங்கி வருவதற்குள் பட்டாணி கதவைத் திறந்துகொண்டு குதித்துவிட்டாள். மதில்சுவருக்கு மேலே பெரிய ராட்டினத்தின் தலை தெரிந்தது. அது மேலே வரும்போதெல்லாம் அதில் இருந்தவர்களின் கூச்சல் காற்றோடு வந்து வந்து போனது.

"அம்மா, கேக்குதா? நாளைக்கு நான் கத்துற கத்துல ஊரே காதைப் பொத்திக்கும் பாரு!"

"இப்பவே பாதி ஊர் பொத்திடுச்சு. மெதுவா," என்றாள் அம்மா.

பிறந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் செல்லமாக வைத்த பெயர் பட்டாணி. பள்ளிக்கூடத்துப் பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. உருண்டை முகம், ஓர் இடத்தில் நில்லாத கால், எதற்கும் ஒரு கேள்வி.

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு உள்ளேயே மூன்று ஓட்டல்கள் இருந்தன. உள்ளே தங்குகிறவர்களுக்குக் காலையில் மற்றவர்களுக்கு முன்னாலேயே ராட்டினங்களைத் திறந்துவிடுவார்கள். மலிவானது கூடு. பின்மதிலை ஒட்டி, பள்ளிக்கூடக் கட்டடம் மாதிரி நீளமாக இருக்கும். நடுத்தரமானது தோணி, குளக்கரையில். வசதியானவர்களுக்கு மாளிகை. மேட்டின் மேல் கோபுரமும் கொடியுமாக, எங்கே நின்றாலும் கண்ணில் படும்.

மூன்றில் எது என்று முடிவாவதற்குள் வீட்டில் ஒரு சின்ன யுத்தமே நடந்திருந்தது. அப்பா லிப்ட் மெக்கானிக். "ரூம் எதுக்கு? தூங்கத்தானே? கண்ணை மூடிட்டா எல்லா ஓட்டலும் ஒண்ணுதான்," என்று கூடு பக்கம் நின்றார். அம்மா பெண்கள் பியூட்டி பார்லரில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவள். "மூணு நாளாவது காலை நீட்டி உக்காந்து தண்ணியைப் பாக்கணும்," என்று தோணியைச் சொன்னாள். பட்டாணிக்கு மாளிகையைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவள்தான் இடுப்பில் கை வைத்துத் தீர்ப்புச் சொன்னாள்:

"ஒரு ராத்திரிக்கு ஒரு ஓட்டல். சண்டை முடிஞ்சுது. போய் வேலையைப் பாருங்க."

சண்டை முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அப்பா வேறு வீடு பார்த்து முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது. வாரத்தில் பாதி நாள் பட்டாணி அங்கே, பாதி நாள் இங்கே. இந்த லீவு முடிந்ததும் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். நீண்ட நாளுக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

கூடு அறையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டைக் கட்டில்கள், இந்தச் சுவரோரம் ஒன்று, அந்தச் சுவரோரம் ஒன்று. அம்மா ஒரு கீழ்க்கட்டிலில் பையை வைத்தாள். அப்பா எதிர்க்கட்டிலில் வைத்தார். ஒரே படுக்கையைத் தவிர்க்கச் சாக்குத் தேட வேண்டியதில்லை என்பதில் இருவருக்குமே ஒரு நிம்மதி. பட்டாணி அம்மாவுக்கு மேலே ஏறிக்கொண்டாள். அப்பாவுக்கு மேலே இருந்த கட்டில் காலி. அதன் மெத்தை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

பயணக் களைப்பில் மூவரும் படுத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவுக்கு விழிப்பு வந்தது. அறை மங்கிக் கிடந்தது. ஏதோ வாடை. பூச்சாடியில் பல நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை.

அப்பாவின் தலைக்கு மேலே பிளாஸ்டிக் உறை நொறுநொறுத்தது.

யாரோ புரண்டு படுப்பது போல.

"பட்டாணி, அங்க எப்படி ஏறின?" என்று அம்மா தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்.

"நான் இங்க இருக்கேம்மா," என்று அவள் தலைக்கு மேலேயிருந்து பதில் வந்தது.

உறைச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா எழுந்து விளக்கைப் போட்டாள். எதிர்க்கட்டிலில் யாரும் இல்லை. பிளாஸ்டிக்கின் நடுவில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். அதில் கொஞ்சம் தண்ணீர். மேலே ஏ.சி. இருந்தது. அதிலிருந்து சொட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது பட்டாணி சொன்னாள், "அம்மா, அவளுக்கு உங்க ரெண்டு பேரையும் பிடிச்சிருக்காம்."

"எவளுக்குடி?"

"மேல படுத்திருந்தாளே. அவங்க அம்மா அப்பாவும் இப்படித்தான் தனித்தனியாப் படுப்பாங்களாம். பேசவே மாட்டாங்களாம்."

அம்மாவின் கையில் இருந்த சீப்பு அப்படியே நின்றது. அப்பா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கிறது, வாய்விட்டுக் கேட்கப் பயந்து இப்படி ஒரு கதை கட்டுகிறாள் என்று இருவரும் நினைத்தார்கள். அன்று முழுவதும் அவள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் தோணிக்கு மாறினார்கள். வெள்ளைப் பெயின்ட், வட்ட ஜன்னல்கள், கப்பல் மாதிரி வளைந்த முகப்பு. ஜன்னலைத் திறந்தால் குளம். மூன்று பேரும் லிப்டில் ஏறி, தங்கள் மாடியில் இறங்கினார்கள். லிப்ட் கதவு பாதி மூடியது. திறந்தது. மறுபடி பாதி மூடியது. மறுபடி திறந்தது.

"உங்க சொந்தக்காரங்க வேலையைக் காட்டுறாங்க," என்று அம்மா கேலி செய்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. குனிந்து கதவின் கீழ்ப்பள்ளத்தைத் துழாவினார். குப்பை எதுவும் இல்லை. சென்சாரைத் துடைத்தார். கதவு மூட வந்தது, திறந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல ஆள் நின்னாத்தான் கதவு இப்படிப் பண்ணும்."

பட்டாணி திரும்பிப் பார்த்து, சலித்துப்போன குரலில், "வா, பரவாயில்ல, இறங்கு," என்றாள்.

கதவு மூடிக்கொண்டது.

அறைக்குப் போன பிறகு அம்மா கேட்டபோது, "ஈரப்பதம். குளம் பக்கத்துல இருக்குல்ல," என்று முடித்துவிட்டார். தெரியாத ஒன்றை அவர் இப்படித்தான் கையாளுவார். அதற்கு ஒரு காரணம் கொடுத்து, மூடி, திருகாணி போட்டு முறுக்கிவிடுவார். கல்யாண வாழ்க்கையிலும் அதைத்தான் செய்தார்.

மறுநாள் தண்ணீர்ச் சறுக்கில் ஆடி முடித்து, உச்சிவெயிலில் தொப்பலாகத் திரும்பினார்கள். அப்பா சாப்பாடு வாங்கப் போனார். குளியலறை வாசலில் பட்டாணி முதுகைக் காட்டி நின்றாள். அம்மா பெரிய டவலை அவள் தலையில் போட்டுத் துவட்ட ஆரம்பித்தாள். பார்லரில் எத்தனையோ தலைகளைத் துவட்டிய கை. அது பாட்டுக்கு வேலை செய்தது. மனசு அந்த இன்னொரு வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே இவளுக்கு யார் தலை துவட்டுவார்கள்? அவர் அவசரக்காரர், சளி பிடிக்க வைத்துவிடுவார்.

எவ்வளவு துவட்டியும் ஈரம் குறையவில்லை. டவல் கனத்துக்கொண்டே போனது.

அந்த வாடை மறுபடி வந்தது.

"என்னடி இது, உன் தலையிலேர்ந்து இப்படி நாறுது? அந்தத் தண்ணியை மாத்தவே மாட்டாங்களா?"

டவலுக்குள் இருந்த தலை மெல்ல அவள் வயிற்றில் சாய்ந்தது. குளிர்ந்து கனத்தது. நெடுநாள் பசித்திருந்த குழந்தை சாய்வது மாதிரி சாய்ந்தது.

பால்கனியிலிருந்து பட்டாணி எட்டிப் பார்த்தாள். அவள் தலை வெயிலில் பாதி உலர்ந்திருந்தது.

"அம்மா, யாருக்குத் துவட்டுற?"

அம்மாவின் கைகளுக்கு நடுவில் டவல் தொய்ந்து தரையில் விழுந்தது.

தரையெல்லாம் தண்ணீர்.

அம்மா பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் படிக்கட்டு வழியாக வெளியே ஓடினாள். ஓடிப் போய் நின்ற இடம் குளக்கரைத் திடல். கூட்டமும் பாட்டும் பலூன்களுமாக இருந்தது. வேஷம் போட்ட பெரிய மஞ்சள் வாத்து ஒன்று பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படத்துக்கு நின்றுகொண்டிருந்தது. வேஷக்காரர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தப் பூங்காவின் விதி. வாசலிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள்.

வாத்து பட்டாணியைக் கண்டதும் குனிந்து ஒரு இறக்கையால் அணைத்தது. அப்புறம் இன்னொரு இறக்கையை அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, காற்றில் விரித்தது. விரித்த இறக்கை அப்படியே விறைத்துப்போனது.

அது நிமிர்ந்து, அம்மாவிடம் தலையைச் சாய்த்தது. உள்ளேயிருந்து ஓர் ஆணின் குரல் கிசுகிசுத்தது.

"அம்மா, உங்க கூட எத்தனை பிள்ளைங்க வந்தாங்க?"

"ஒண்ணு."

உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"முன்னாடி ஒரு குடும்பம் வந்தாங்க. கூட்டுலேர்ந்து மேல மாளிகைக்கு மாறினாங்க. அவங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம், தனித்தனியாப் போனாங்க. பிள்ளை அம்மாகிட்ட இருக்குன்னு அப்பா நினைச்சாரு. அப்பாகிட்ட இருக்குன்னு அம்மா நினைச்சாங்க. அது ரெண்டு பேரையும் தேடிக்கிட்டுக் குளத்துப் பக்கம் போயிடுச்சு. நீங்களும் ஓட்டல் மாத்துறதா இருந்தா உங்க பிள்ளை கையை மட்டும் விட்டுடாதீங்க."

அடுத்த குழந்தை வந்து வாத்தின் காலைக் கட்டிக்கொண்டது. வாத்து தலையை ஆட்டி ஆடத் தொடங்கியது.

அப்பா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு தேடி வந்தபோது, அம்மா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "இப்பவே வீட்டுக்குப் போயிடலாங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"மாளிகை, மாளிகைன்னு அவ எத்தனை மாசமாக் கனவு கண்டுட்டு இருக்கா? அதுவும் இது நாம சேர்ந்து வந்த கடைசி..." அவர் பட்டாணி இருக்கும் பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்பவும் இதேதான். ஒரு சந்தோஷம் கைக்கு வந்தா உனக்குத் தாங்காது," என்றார்.

"லிப்ட் கதவு ஏன் மூடலன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, தெரியுமா தெரியாதா?"

தெரியும் என்பது அவர் கண்ணில் இருந்தது. அதனாலேயே அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. "நீ வேணும்னா போ. நானும் என் பொண்ணும் மாளிகைக்குப் போறோம்."

பட்டாணியின் உதடு பிதுங்கியது. "சண்டை போடாதீங்க. ஒரே ஒரு ராத்திரிதானே?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அம்மாவால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள். "சாமானோட நீங்க வண்டில வாங்க. அவ என் கூட நடந்து வருவா. அவ கையை நான் விட மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். தோணியின் வாசற்படியில் பட்டாணியின் கையை இறுகப் பிடித்தாள். அப்பா பேட்டரி வண்டியில் பெட்டிகளோடு ஏறினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மேட்டுப் பாதையில் அம்மா நடந்தாள். இருபக்கமும் வெட்டிவிட்ட செடிகள், விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்த நேரம். பாதி வழியில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்து வருஷத்து வாழ்க்கை, ஒரு பெட்டி ஏற்றுகிற நேரத்தில் முடிந்துபோகிறது. பிள்ளை பார்த்துவிடக் கூடாது என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே நடந்தாள்.

கையை மட்டும் விடவில்லை. விரலுக்குள் விரல் கோத்து, எலும்பு தெரியும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கையும் அவளை இறுக்கிப் பிடித்திருந்தது.

மாளிகையின் பெரிய கதவைச் சீருடைக்காரர் திறந்துவிட்டார். உள்ளே சரவிளக்கு, பளிங்குத் தரை. வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கே காகிதக் கிரீடம் சூட்டுவார்கள். வரவேற்பில் இருந்த பெண் ஒரு கிரீடத்தை எடுத்துக்கொண்டு புன்னகையோடு வந்தாள். அம்மாவின் பக்கத்தில் குனியப் போனவள் அப்படியே நின்றாள்.

"குழந்தை எங்கம்மா?"

அம்மா குனிந்து பார்த்தாள்.

அவள் விரல்கள் மடங்கி, காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. உள்ளங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வழியில் ஆள் ஏற்றி இறக்கி வந்த பேட்டரி வண்டி அப்போதுதான் வாசலில் நின்றது. அப்பா இறங்கினார். வலது கையை யாரையோ அணைத்திருப்பது போல வளைத்து வைத்திருந்தார். "கால் வலிக்குதுன்னு பாதி வழில என்கிட்ட ஏறிட்டா. தூங்கிட்டா போல, சட்டையெல்லாம் ஈர..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

கிரீடம் பிடித்திருந்த பெண் பின்னால் நகர்ந்தாள்.

காவலர் அறையில் கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அம்மா கையைத் தொங்கவிட்டு, விரலை மடக்கி, தனியாக மேட்டில் நடந்து போகிறாள். அப்பா வண்டியில் வெறுமையைத் தோளோடு அணைத்தபடி போகிறார். தோணியின் வாசற்படியில் பட்டாணி, அம்மா பிடித்த கையை உருவிக்கொண்டு ஷூ கயிறு கட்டக் குனிந்திருக்கிறாள். நிமிர்கிறாள். அம்மா போவதைப் பார்த்துப் பின்னால் ஓடுகிறாள். வாய் அகலத் திறக்கிறது. ஊரே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி கத்தியிருப்பாள். படத்தில் சத்தம் இல்லை.

அம்மா திரும்பவில்லை.

பட்டாணி நின்றுவிடுகிறாள். குளத்துப் பக்கம் யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்புகிறாள். தெரிந்தவர்களைப் பார்த்தது போல முகம் மலர்கிறது. கையை நீட்டிக்கொண்டு படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடுகிறாள். அந்தப் பக்கம் கேமரா கிடையாது.

குளத்து நீரையெல்லாம் இறைத்தார்கள். சேற்றில் ஒரு சின்னச் செருப்பு கிடைத்தது. பட்டாணியுடையது அல்ல. பாசி பிடித்து, எத்தனையோ காலம் தண்ணீரில் கிடந்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. அம்மா மறுநாள் அந்த வாத்தைத் தேடிப் போனாள். வாத்து அவளைக் கட்டிக்கொண்டு நின்றது. மஞ்சள் ரோமத்துக்குள் ஓர் ஆண் விம்முவது மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகும் அவர்கள் பிரியத்தான் செய்தார்கள். ஒருவர் முகத்தில் இன்னொருவர் பார்க்கிறது ஒன்றே ஒன்றுதான், அதைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை.

முதல் தடவை அது நடந்தது, அம்மா பார்லரைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது. கடைத்தெருவின் நெரிசலில் ஒரு சின்னக் கை அவள் கைக்குள் நுழைந்தது. ஈரமான கை. அவள் உதறினாள், ஓடினாள், வீட்டுக் கதவைச் சாத்தினாள். மறுநாளும் வந்தது. அது தன் மகளுடைய கை இல்லை என்று அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? மூன்றாவது தடவை அவளுக்கு உதற மனசு வரவில்லை. வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

சில நாள் கழித்து அப்பா போன் செய்தார். "நேத்து இங்க வந்திருந்தா," என்றார்.

யார் என்று அவள் கேட்கவில்லை.

"பாய் நனைஞ்சிருக்கு. நான் பக்கத்துல இன்னொரு தலையணை போட்டு வெச்சேன்," என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அதன் பிறகு வாரத்தில் சில நாள் அவரிடம், சில நாள் இவளிடம். யாரும் பேசி வைத்துச் செய்த ஏற்பாடு இல்லை. வராத நாளில் அம்மா தன்னை அறியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருப்பதற்காகத் தன்னையே வெறுப்பாள். பட்டாணி ஒரு தடவைகூட வரவில்லை. கனவில்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். போன் அடித்தது.

"உன்கிட்ட இருக்காளா?" என்றார் அப்பா.

"இல்லையே. உங்ககிட்டன்னு நினைச்சேன்."

"இங்க வந்து எத்தனையோ நாளாச்சு. நான் உன்கிட்ட இருக்கான்னு..."

சொன்ன வார்த்தை என்னவென்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பேச்சு அறுந்தது.

அந்த அமைதியில் போனுக்குள் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, யார் பின்னாலோ ஓடிக் களைத்து நின்ற குழந்தையின் மூச்சு.

"உங்க மூச்சா?" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"இல்ல. உன்னோடது இல்லையா?"

"இல்ல."

அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பட்டாணி?"

மூச்சு நின்றது.

அவர்கள் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி ஆரம்பித்தது. பதிலாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. வெளியே தெரு இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட இரண்டு வீட்டிலும் யாரும் எழுந்திருக்கவில்லை. இருவரில் ஒருவருக்கும் போனை வைக்கத் துணிவில்லை. அந்த மூச்சும் போகவில்லை.